பூஜ்யத்தை எடுத்தது யார்?

அண்ணி: அந்தப் பூஜ்யத்தை யார் எடுத்தது? அதை மட்டும் சொல்லு.

நாத்தனார்: மெதுவா பேசுங்க அண்ணி... உள்ள விசாரணை நடக்குது.

அண்ணி: நடக்கட்டும். கண்ணாடிக் கதவுதானே, அவங்க காதுலயும் விழட்டும். யார் எடுத்தது?

நாத்தனார்: இத்தனை நாள் கழிச்சு இப்பதான் வாயைத் திறக்கறீங்க. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறமா திட்டலாம்ல?

அண்ணி: எப்படி இருக்க?

நாத்தனார்: நல்லா இருக்கேன்.

அண்ணி: சந்தோஷம். யார் எடுத்தது?

நாத்தனார்: ...எந்தப் பூஜ்யம்?

அண்ணி: ஓஹோ. எந்தப் பூஜ்யமா? ரயில்வே கேட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவுல சேதி போக ஒரு சேனல் வச்சேன் பாரு, அந்தப் பூஜ்யம். அதுல தேங்கி நிக்கற சேதியோட அளவு பூஜ்யமாதான் இருக்கணும்னு நான் போட்ட கணக்கு மாடல்ல கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேன். நீ புரோகிராமா எழுதினப்பவும் அது பூஜ்யம்தான், என் கண்ணால பார்த்தேன். நேத்து திறந்து பார்க்கறேன்... அந்த இடத்துல ஒரு பத்து உட்கார்ந்திருக்கு. கால் மேல கால் போட்டுட்டு.

நாத்தனார்: அண்ணி, பத்துங்கறது ஒண்ணும் பெரிய...

அண்ணி: பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவுல ஒரு மனுஷனோட கை உடைஞ்சிருக்குடி!

நாத்தனார்: ...தெரியும்.

அண்ணி: என்ன தெரியும்? உள்ள கட்டு போட்ட கையோட உட்கார்ந்திருக்காரே கேட்கீப்பர், அவர் முகத்தைப் பார்த்தியா? கம்ப்யூட்டர் கேட்டோட ட்ரையல் அன்னிக்கு எஞ்சின் வருது, கேட் திறந்து கிடக்கு, தண்டவாளத்துல சைக்கிளோட ஒரு பொண்ணு. ஓடிப் போய் அவளை இழுத்துப் போட்டது அவர். மாலை போட வேண்டாம்... ஒரு சபாஷ் சொல்ல வேண்டாமா? ‘மூடின கேட்டைக் கையால தூக்கினது நீதான்’னு அவரையே கூண்டுல நிக்க வச்சிருக்காங்க!

நாத்தனார்: நீங்க கோபப்படறதுக்கு முன்னாடியே எனக்குக் கோபம் வந்தாச்சு. நான் மட்டும் ஏன் ஆபீஸ் போகாம இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்?

அண்ணி: இன்னிக்கு முடிவு சொல்லிட்டா அவருக்கு வேலை போச்சு. இந்த வயசுல வேற எவன் கூப்பிட்டுக் குடுப்பான்?

நாத்தனார்: அவருக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி.

அண்ணி: உனக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார்: சும்மா... தோணுது.

அண்ணி: எனக்கும் ஆகாதுன்னுதான் தோணுது. அது வேற விஷயம். நீ பேச்சை மாத்தாத.

நாத்தனார்: நானா மாத்தறேன்? கூண்டு, மாலை, சபாஷ்னு நீங்கதான் ஊர் சுத்திட்டு வர்றீங்க.

அண்ணி: சரி, நேராவே வரேன். கம்ப்யூட்டர் பதிவுல என்ன இருக்கு? ‘மூடியாச்சு’ன்னு கேட் சொல்லியிருக்கு. அதுக்கப்புறம்தான் சிக்னல் பச்சை காட்டியிருக்கு. உடனே உள்ள இருக்கற அறிவாளிங்க கணக்குப் போட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மூடின கேட் தானா திறக்காது. அப்ப மனுஷன்தான் திறந்திருக்கான்! எவ்வளவு சுலபம்!

நாத்தனார்: அவர் தொடவே இல்லங்கறார்.

அண்ணி: தலையில அடிபட்டு நடந்ததுல பாதி மறந்து போச்சு அவருக்கு. ஆனா அந்த ஒரு விஷயத்துல மட்டும் மாறவே இல்ல. ‘நான் கேட் கம்பியைத் தொடலம்மா’ன்னு ஆஸ்பத்திரியிலயே என் கையைப் பிடிச்சுச் சொன்னார். நீ போய்ப் பார்த்தியா?

நாத்தனார்: பார்த்தேன். நீங்க வர்ற நேரம் இல்லாத நேரமாப் பார்த்துப் போனேன்.

அண்ணி: நல்லாருக்கு! ஆஸ்பத்திரியிலகூட எனக்குப் பயந்து ஒளிஞ்சு...

நாத்தனார்: பயம் இல்ல. உங்க மூஞ்சைப் பார்க்கப் பிடிக்கல.

அண்ணி: இப்ப மட்டும் பிடிக்குதா?

நாத்தனார்: இப்பவும் சுமார்தான். சொல்லுங்க.

அண்ணி: அந்த ‘மூடியாச்சு’ பழசு. அன்னிக்கு எஞ்சினை முதல் தடவை வரச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? கேட் மூடிச்சு. ‘மூடியாச்சு’ன்னு சேதி போட்டுச்சு. பாதி வழியில எஞ்சினை நிறுத்திட்டாங்க, கேட்டைத் திறந்துட்டாங்க. ஆனா அந்தச் சேதியை யாரும் எடுக்கல. உன்னோட அந்தப் பத்துல, அந்தப் பெட்டிக்குள்ள, அப்படியே கிடந்திருக்கு. அடுத்த தடவை எஞ்சின் வந்தப்ப சிக்னல் பெட்டிக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்கு. ‘மூடியாச்சு.’ உடனே பச்சை! கேட் அப்ப வானத்தைப் பார்த்துட்டு நிக்குது!

நாத்தனார்: ...ஆமா.

அண்ணி: ஆமாவா?

நாத்தனார்: ஆமா. நானும் அதைத்தான் கண்டுபிடிச்சேன்.

அண்ணி: எப்ப?

நாத்தனார்: நீங்க கண்டுபிடிச்ச அதே நாள்தான்னு வச்சுக்கங்களேன். பெருமையில பங்கு கேட்கல.

அண்ணி: பெருமையா இது? என் வயிறு எரியுது! அந்தச் சேனலை நான் எதுக்குப் பூஜ்யம்னு சொன்னேன்? பெட்டியே கூடாதுன்னுதானே? குடுக்கறவன் கையை நீட்டிட்டு நிக்கணும், வாங்கறவன் வந்து வாங்கணும். வாங்கினாதான் ரெண்டு பேரும் நகரணும். போட்டுட்டுப் போற பேச்சே கிடையாது. அந்த மாடலோட உயிரே அதுலதான் இருக்கு. அதை எடுத்துட்டு, கேட் மூடாம பச்சை விழாதுன்னு நான் போட்ட நிரூபணத்தை வச்சு என்ன பண்ணுவ, முறுக்குச் சுத்தவா?

நாத்தனார்: எனக்குப் பாடம் எடுக்காதீங்க. எனக்குத் தெரியும்.

அண்ணி: தெரிஞ்சா ஏன் பண்ணின? உன் புள்ளையை நான் தினமும் படிக்கட்டுல வச்சு வாங்கறேன். எப்படி வாங்கறேன்?

நாத்தனார்: இப்ப புள்ளை எதுக்கு நடுவுல?

அண்ணி: சொல்லு. எப்படி வாங்கறேன்?

நாத்தனார்: ...‘பிடிச்சுட்டேன்’னு சொல்வீங்க. அப்புறம்தான் நான் விடுவேன்.

அண்ணி: நாம பேசிக்காத நாள்ல?

நாத்தனார்: அப்பவும் சொல்வீங்க. அது ஒண்ணுதான் சொல்வீங்க. வேற ஒரு எழுத்து வராது. ‘பிடிச்சுட்டேன்’னுட்டு மூஞ்சைத் திருப்பிட்டு மாடி ஏறிடுவீங்க. புள்ளைகூட உங்களைக் கண்டா ‘பிச்சுத்தேன்’னு சொல்லுது இப்பல்லாம். அதுதான் உங்க பேருன்னு நினைச்சுக்கிச்சு போல.

அண்ணி: ...நிஜமாவா?

நாத்தனார்: சிரிச்சுடாதீங்க. கோபம் போயிடும்.

அண்ணி: போகாது. புள்ளையைப் படிக்கட்டுல வச்சுட்டு, அண்ணி எப்பவாவது வந்து எடுத்துப்பாங்கன்னு போவியா நீ? மாட்டல்ல? அப்ப எஞ்சின் வர்ற இடத்துல மட்டும் எப்படிடி பெட்டி வச்ச?

நாத்தனார்: ஏன்னா உங்க மாடல் உறைஞ்சு போச்சு!

அண்ணி: என்னது?

நாத்தனார்: மெதுவா பேசச் சொன்னேன்ல... உறைஞ்சு போச்சு அண்ணி. ட்ரையலுக்கு முன்னாடி சைட்ல ஓட்டிப் பார்த்தேன். கேட் மூடுது, ‘மூடியாச்சு’ன்னு சொல்லக் கையை நீட்டுது. அதே நேரத்துல சிக்னல் ‘வண்டி வரல, திற’ன்னு சொல்லக் கையை நீட்டுது. ரெண்டும் நீட்டிட்டு நிக்குதுங்க. வாங்க ஆள் இல்ல. இது நகர்ந்தாதான் அது நகரும், அது நகர்ந்தாதான் இது நகரும். நானும் பார்க்கறேன், பார்க்கறேன்... கேட் மூடினபடி கிடக்கு. ரோட்டுல ரெண்டு பக்கமும் வண்டி நின்னு ஹாரன் அடிக்கறான். லாரிக்காரர் இறங்கி வந்து என்னைக் கேட்ட கேள்வியை உங்ககிட்ட சொல்ல முடியாது.

அண்ணி: ம்... மேல சொல்லு.

நாத்தனார்: அப்பதான் பூஜ்யத்தை எடுத்துட்டு பத்து போட்டேன். நான்தான். இந்தப் புரோகிராம் மொழியில அது எவ்வளவு சுலபம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு எண், அவ்வளவுதான். போட்டதும் ரெண்டும் சேதியைப் பெட்டியில போட்டுட்டு அதது வழியைப் பார்த்துச்சு. கேட் திறந்துச்சு. லாரிக்காரர் போயிட்டார். எல்லாரும் கை தட்டினாங்க.

அண்ணி: கை தட்டினாங்களா?

நாத்தனார்: தட்டினாங்க. எனக்குத்தான் அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. இது தற்காலிகம், அண்ணி வந்து பார்த்தா சரியா மாத்திடலாம்னு இருந்தேன். நீங்க வரல.

அண்ணி: நீ கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு?

நாத்தனார்: கூப்பிட்டேனே!

அண்ணி: எப்ப கூப்பிட்ட? என் காதுல என்ன பஞ்சா?

நாத்தனார்: அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினேன். ‘உங்க மாடல் இந்த இடத்துல மாட்டிக்குது, ட்ரையலுக்கு முன்னாடி வந்து பாருங்க’ன்னு. நீங்க பதிலே சொல்லல. சரி, மகாராணி இறங்கி வரமாட்டாங்க போலன்னு...

அண்ணி: எனக்கு ஒரு சேதியும் வரல.

நாத்தனார்: அண்ணி, பொய் சொல்லாதீங்க.

அண்ணி: உன் புள்ளை மேல சத்தியமா வரல. அது மட்டுமில்ல... நான் அனுப்பின சேதிக்கு நீ என்ன பதில் சொன்ன?

நாத்தனார்: எந்தச் சேதி?

அண்ணி: அந்த இடத்துல மாட்டும்னு நானே கண்டுபிடிச்சேன். ட்ரையலுக்கு ரொம்ப முன்னாடியே. குளிச்சுட்டு இருக்கறப்ப பொறி தட்டுச்சு, ஈரத் தலையோட ஓடி வந்து எழுதினேன். குடுக்கறவன் குடுக்கறதுக்கு மட்டும் நின்னா மாட்டிக்கும். குடுக்கவும் தயார், வாங்கவும் தயார், எது முதல்ல அமையுதோ அது நடக்கட்டும்னு ரெண்டு பேரும் நிக்கணும். உன் புரோகிராம்ல நாலு வரி. பூஜ்யத்தை யாரும் தொட வேண்டாம். உங்க அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினேன்.

நாத்தனார்: என்கிட்ட வரல!

அண்ணி: வரலயா?

நாத்தனார்: வந்திருந்தா நான் ஏன் அந்தப் பாழாப்போன பத்தைப் போடறேன்?

அண்ணி: பேசாத. நான் கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்துக்கறேன்.

நாத்தனார்: நாம ஒரே வீட்டுல இருக்கோம் அண்ணி. மேல நீங்க, கீழ நான்.

அண்ணி: தினமும் படிக்கட்டுல மூஞ்சுக்கு மூஞ்சு பார்க்கறோம்.

நாத்தனார்: புள்ளையை வாங்கிட்டு, ‘அந்த நாலு வரி பார்த்தியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீங்க?

அண்ணி: நீ கேட்டிருக்கலாம்ல, ‘சைட்ல மாட்டிக்குது’ன்னு? நான் ஏன் முதல்ல பேசணும்? ‘அண்ணியோட கணக்கைச் சட்டம் போட்டு மாட்டத்தான் முடியும், ஓட்ட முடியாது’ன்னு சாப்பாட்டு மேசையில சொன்னது யாரு? எல்லாரும் சிரிச்சாங்க!

நாத்தனார்: அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? ‘உனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும்’னீங்க. அதுக்கும்தான் சிரிச்சாங்க.

அண்ணி: அது கோபத்துல வந்தது.

நாத்தனார்: என்னது மட்டும் ஆசையில வந்ததா?

அண்ணி: ...அதான் நீயும் கையை நீட்டிட்டு நின்ன, நானும் நீட்டிட்டு நின்னேன்.

நாத்தனார்: நடுவுல ஒரு பெட்டி வேற வச்சுக்கிட்டோம். அண்ணன்!

அண்ணி: உங்க அண்ணன் பெட்டிகூட இல்ல. பெட்டியில போட்டா என்னைக்காவது வெளிய வரும்.

நாத்தனார்: கதவு திறக்குது... அவரேதான் வர்றார்.

அண்ணன்: அட! பேசிக்கிறீங்களா ரெண்டு பேரும்?

அண்ணி: ஏன், உங்களுக்கு அதுல கஷ்டமா?

அண்ணன்: சேச்சே... சந்தோஷம்தான்மா. நல்ல காலம் பொறந்துச்சு. நகரு, அந்தக் குழாய்ல ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சுக்கறேன். கேட்கீப்பர் தண்ணி கேட்டார்.

நாத்தனார்: அண்ணே, விரல்லாம் என்ன மை?

அண்ணன்: எது... இதுவா? பேனா கசிஞ்சிடுச்சு.

நாத்தனார்: பேனா மை மாதிரி இல்லையே.

அண்ணன்: உனக்கு எல்லாத்துலயும் துப்பறியணும். தள்ளிக்க குட்டி, நாக்கு வறண்டு போய் உட்கார்ந்திருக்கார் மனுஷன்.

அண்ணி: தண்ணி இருக்கட்டும். நீங்க சைட்டுக்குப் பொறுப்பு. மாடல் என்னோடது, புரோகிராம் இவளோடது, நடுவுல ஓடி ஆடற ஆள் நீங்க. ட்ரையலுக்கு முன்னாடி நான் இவகிட்ட சொல்லச் சொல்லி ஒரு சேதி சொன்னேனே, சொன்னீங்களா?

அண்ணன்: எந்தச்... ஓ, அதுவா? சொன்னேன்னுதான் நினைக்கறேன்.

நாத்தனார்: எப்ப சொன்ன? எங்க வச்சு சொன்ன?

அண்ணன்: மறந்திருப்பேன்மா. ஆயிரம் வேலை. சிமெண்ட் வரல, கேபிள் வரல...

நாத்தனார்: நான் அண்ணிகிட்ட சொல்லச் சொன்னது?

அண்ணன்: ...அதையும் மறந்திருப்பேன்.

அண்ணி: ரெண்டையும்? ஒண்ணு மறந்தா மறதி. ரெண்டும் மறந்தா அதுக்கு வேற பேரு.

அண்ணன்: நடு வழியில நிக்க வச்சு வக்கீல் மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்துக்காதீங்க. ஆமா, சொல்லல. மறக்கல, சொல்லல. போதுமா?

நாத்தனார்: ஏண்ணே?

அண்ணன்: ஏனா? உங்க அண்ணி சொன்ன சேதியோட வால்ல என்ன இருந்துச்சு தெரியுமா? ‘இதுகூடத் தெரியாம எப்படித்தான் எழுதினாளோன்னும் கேட்டுட்டு வாங்க’ன்னு. நீ சொன்னதுல என்ன இருந்துச்சு? ‘கணக்கு மகாராணிக்கு நேரம் இருந்தா மண்ணுல கால் வச்சு வந்து பார்க்கச் சொல்லு’ன்னு. இதைக் கொண்டு போய் அங்க சொல்லி, அதைக் கொண்டு வந்து இங்க சொல்லி... வீடு என்னத்துக்கு ஆகும்? நடுவுல இருக்கறவன் கொஞ்சம் முழுங்கத்தான் வேணும்னு முழுங்கிட்டேன்.

அண்ணி: வாலை முழுங்க வேண்டியதுதானே? தலையையும் சேர்த்து யாரு முழுங்கச் சொன்னது?

அண்ணன்: எனக்கு அதுல தலை எது, வால் எதுன்னு தெரியலம்மா! குடுக்கவும் தயார் வாங்கவும் தயார்னு நீ பாட்டுக்குச் சொல்லிட்டே போன. நான் கான்க்ரீட் ஆளு. திட்டு மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது.

நாத்தனார்: சைக்கிள்ல வந்த அந்தப் பொண்ணு செத்திருந்தா, அண்ணே? கேட்கீப்பர் எழுந்து போய் எட்டிப் பார்க்கலன்னா? ‘திரையில மூடியாச்சுன்னு வந்தா மூடியாச்சு, எழுந்து போய்ப் பார்க்கற பழைய பழக்கமெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டர் தப்பு சொல்லாது’ன்னு நீதானே அவருக்குப் பயிற்சி குடுத்த? அவர் உன் பேச்சைக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு இல்ல!

அண்ணன்: கத்தாத குட்டி. எனக்கும் அந்த நினைப்புல தூக்கம் இல்ல.

அண்ணி: உங்க தூக்கம் கிடக்கட்டும். இன்னிக்குக் காலைல நான் சொல்லி அனுப்பினதையாவது உள்ள சொன்னீங்களா?

அண்ணன்: அது... இரு, முதல்ல தண்ணியைப் பிடிச்சுக்கறேன்.

நாத்தனார்: காலைல என்ன சொல்லி அனுப்பினீங்க அண்ணி?

அண்ணி: உனக்கு எதுக்கு அது?

நாத்தனார்: எனக்குத் தெரியாம என்ன சொல்லி அனுப்பினீங்க?

அண்ணி: ஒண்ணுமில்ல. தப்பு என்னோடதுன்னு சொல்லச் சொன்னேன். மாடல்லயே ஓட்டை, புரோகிராம் எழுதினவ மேல ஒரு தப்பும் இல்ல, கேட்கீப்பர் மேலயும் இல்லன்னு.

நாத்தனார்: எதுக்கு? எதுக்கு அப்படிச் சொன்னீங்க? பூஜ்யத்தை எடுத்தது நான்!

அண்ணி: ஓட்டை இருந்ததால எடுத்த.

நாத்தனார்: அதுக்காக? இத்தனை நேரம் யார் எடுத்தது, யார் எடுத்ததுன்னு என்னைப் போட்டுக் காய்ச்சி எடுத்தீங்க! அவங்ககிட்ட தப்பு உங்களோடதுன்னு சொல்லிட்டு வந்தா என்னை இப்படித் திட்டினீங்க?

அண்ணி: வெளிய விட்டுக் குடுக்க முடியுமா? அது வேற, இது வேற. உன்னை நான் திட்டலாம். அவனுங்க திட்டக் கூடாது.

நாத்தனார்: என் தப்பை எடுத்துக்க நீங்க யாரு?

அண்ணி: என்னடி இது, தப்புக்குக்கூடச் சண்டையா?

நாத்தனார்: நானும் சொல்லி அனுப்பிட்டேன்!

அண்ணி: என்ன சொல்லி அனுப்பின?

நாத்தனார்: நான்தான் பூஜ்யத்தை எடுத்தேன், அண்ணியோட மாடல் சுத்தம்னு. அண்ணன் வண்டியை எடுக்கறப்ப ஜன்னல்ல தலையை விட்டுச் சொன்னேன். அதான் அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன்.

அண்ணி: அடிப்பாவி... நானும் அந்தத் தைரியத்துலதான் இந்த பெஞ்சுல உட்கார்ந்து உன்கிட்ட வாதம் பண்ணிட்டு இருக்கேன்.

நாத்தனார்: ரெண்டு பேர் சொன்னதும் உள்ள போயிருந்தா இந்நேரம் நம்மளைக் கூப்பிட்டிருப்பாங்கல்ல?

அண்ணி: ...ஆமா. ஏன் கூப்பிடல?

நாத்தனார்: அண்ணே.

அண்ணன்: டம்ளர் நிறைஞ்சிடுச்சு, நான் உள்ள...

அண்ணி: டம்ளரை இப்படிக் குடுங்க. விடுங்க... பிடிச்சுட்டேன். இப்ப சொல்லுங்க. உள்ள என்ன சொன்னீங்க?

அண்ணன்: தப்பு என்னோடதுன்னு நீ சொல்ற. என்னோடதுன்னு இவ சொல்றா. நான் எதைச் சொல்றது? ஒண்ணைச் சொன்னா பொண்டாட்டி தெருவுக்கு வருவா. இன்னொண்ணைச் சொன்னா கூடப் பொறந்தவ வருவா. ரெண்டையும் சொன்னா ரெண்டு பேரும் வருவீங்க.

நாத்தனார்: அதனால ஒண்ணும் சொல்லலயா?

அண்ணன்: அந்த அதிகாரி நேரா என்னைப் பார்த்துக் கேட்டாரு குட்டி. சும்மா உட்கார முடியல.

அண்ணி: என்ன கேட்டார்?

அண்ணன்: ‘நீங்கதான் சைட்ல இருந்தீங்க, கேட்டை யாரு தூக்கினது’ன்னு.

அண்ணி: நீங்க?

அண்ணன்: கேட்கீப்பருக்கு நம்ம ஆபீஸ்லயே வேற ஏதாவது பார்த்துக் குடுத்துடலாம்னு ஒரு நினைப்புல... வாட்ச்மேன் மாதிரி, நிழல்ல உட்கார்ற வேலையா...

அண்ணி: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணன்: ...அவர்தான்னு சொன்னேன்.

நாத்தனார்: அண்ணே!

அண்ணி: சொன்னீங்களா? அந்த மனுஷன் முன்னாடி, அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே?

அண்ணன்: முகத்தைப் பார்க்கல.

அண்ணி: அடுத்தவங்க சொல்லச் சொன்ன நிஜத்தையெல்லாம் முழுங்குவீங்க, யாரும் சொல்லச் சொல்லாத பொய்யை மட்டும் கொண்டு போய்க் கொட்டுவீங்களா? நான் உங்களைக் கோழைன்னு மட்டும்தான் நினைச்சுட்டு இருந்தேன்!

நாத்தனார்: அண்ணி, இவர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. நாமளே போவோம். நாமளே நேராச் சொல்லுவோம்.

அண்ணி: வா. பூஜ்யத்தை எடுத்ததை நீ சொல்லு. ஓட்டையை நான் சொல்றேன். கேட்டுட்டேன், புரிஞ்சுதுன்னு அந்த ஆள் வாயால சொல்ற வரைக்கும் அந்த அறையை விட்டு நகரக் கூடாது.

அண்ணன்: வேண்டாம்மா, இப்ப போகாதீங்க.

நாத்தனார்: வழி விடுண்ணே.

அண்ணன்: போனா அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்... நான் அவர்தான்னு சொன்னதும் அவர் கோபப்படுவார்னு பார்த்தேன். படல.

அண்ணி: படலயா? கை உடைஞ்ச நாள்லேர்ந்து தொடவே இல்ல, தொடவே இல்லன்னு சொல்லிட்டு இருந்த மனுஷன் என்னதான் சொன்னார்?

அண்ணன்: ‘நீங்களே பார்த்தீங்களா தம்பி? அதுவும் கம்ப்யூட்டர் தப்பு சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க... அப்ப நான்தான் தூக்கியிருப்பேன். அடிபட்டதுல எனக்கு மறந்து போச்சு போல’ன்னார். ‘நான்தான் தூக்கினேன்’னு எழுதின பேப்பரை அவர் பக்கம் தள்ளினாங்க. வலது கைல கட்டு, இடது கைல பேனா நிக்கல... மைப் பெட்டியில அவர் கட்டை விரலைத் தோய்ச்சு, நான்தான் பிடிச்சு வச்சேன்.